நூட் ராக்னி: ஒரு கால்பந்து வாத்தியாரின் கதை



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், நம்ம காலேஜ் ஃபுட்பால் டீம் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மூன்று வருடம் நான் டீமில் இருந்தேன் என்பது உண்மை. ஆனால் மைதானத்துக்குள் ஓடிய நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு முழு மேட்ச் தேறாது. மீதி நேரம் பெஞ்ச்தான். தண்ணீர் பாட்டில், ஐஸ் பெட்டி, சீனியர்களின் வாட்ச், பர்ஸ் எல்லாவற்றுக்கும் நான்தான் காவல். ஓ.டி. அட்டெண்டன்ஸ் கிடைத்தது என்பதைத் தவிர எனக்கும் என் அரியர்களுக்கும் அதனால் பெரிய லாபமில்லை.

அதிலும் என் மூன்றாம் வருட சீசன் இருக்கிறதே, அதை நினைவுபடுத்தினால் அந்த பேட்ச் நண்பர்கள் அடிக்க வருவார்கள். சோன் மேட்ச்சில் ஆறு கோல் வாங்கிக்கொண்டு, திரும்பி வரும் பஸ்ஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்தோம். ஆகவே என்னைப் பற்றி எழுதுவதைவிட, கல்லூரி ஃபுட்பால் என்றாலே உலகம் நினைக்கும் ஒரு மனிதரைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். அவர் பெயர் நூட் ராக்னி. அமெரிக்காவில் இண்டியானா மாநிலம், சவுத் பெண்ட் ஊரை ஒட்டி உள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் கோச்.

அவரை நான் தெரிந்துகொண்டது விளையாட்டு வழியாக அல்ல, வேலை வழியாக. விமான பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் எனக்கு வேலை. சேர்ந்த புதிதில் நடந்த பயிற்சி வகுப்பில், 1931-ல் மர இறக்கை பிய்ந்து விழுந்த ஒரு விமானத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். பசை ஏன் விட்டது, ஈரம் எப்படிப் புகுந்தது என்றெல்லாம் விளக்கிவிட்டு, இறந்த எட்டுப் பேரில் ஒருவர் ஒரு ஃபுட்பால் கோச் என்று போகிற போக்கில் சொன்னார்கள். வகுப்பில் மற்றவர்கள் பசையைக் குறித்துக்கொண்டார்கள். நான் கோச்சின் பெயரைக் குறித்துக்கொண்டேன். பெஞ்ச் புத்தி விடுமா?

தபால் ஆபீஸிலிருந்து காலேஜுக்கு

ராக்னி பிறந்தது நார்வே நாட்டில், வோஸ் என்னும் மலையூரில், 1888 மார்ச் 4-ம் தேதி. அப்பா குதிரை வண்டி செய்யும் தொழிலாளி. 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டி அப்பா அமெரிக்கா வந்தார். பின்னாலேயே குடும்பமும் வந்து சேர்ந்தது. பையனுக்கு அப்போது ஐந்து வயது.

சிகாகோ தெருக்களில் விளையாடி வளர்ந்த அந்தப் பையன் பள்ளிக்குப் பிறகு நேரே காலேஜுக்குப் போகவில்லை. வசதி இல்லை. சிகாகோ தபால் நிலையத்தில் சுமார் நான்கு வருடம் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். 1910-ல் நோட்டர் டேமில் சேர்ந்தபோது வயது 22. உடன் படிப்பவர்கள் எல்லாம் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். இவருக்கோ அதற்குள் தலை வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. ஆளும் குட்டை. முதல் வருடம் டீமில் சரியாக எடுபடவில்லை. ஆனாலும் ஓடினார், விழுந்தார், எழுந்தார். கடைசி வருடம் 1913-ல் டீம் கேப்டன் அவர்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நாம் ஆடுவது அல்ல. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். பெரும்பாலும் கையால்தான் ஆட்டம். பக்கத்துக்குப் பதினோரு பேர். நான்கு வாய்ப்புகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். பந்தோடு எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. ராக்னி காலத்துக்குக் கொஞ்சம் முன்புவரை அது ஒரே முட்டல் மோதல்தான். உயிர்ச்சேதம் அதிகமாகி, விளையாட்டையே தடை செய்யலாமா என்ற பேச்சு வந்தது. 1906-ல்தான் பந்தை முன்னோக்கி வீசலாம் என்று விதியை மாற்றினார்கள். விதி வந்துவிட்டதே தவிர, பெரிய டீம்கள் அதை அதிகம் நம்பவில்லை. பழக்கம் அப்படி.

1913 கோடை விடுமுறையில் ராக்னியும் அவரது நண்பர் கஸ் டோரைஸும் ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில், சீடர் பாயிண்ட் என்ற உல்லாசத் தலத்தில் வேலைக்குப் போனார்கள். போகும்போது ஒரு பந்தையும் எடுத்துக்கொண்டார்கள். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் மணலில் பயிற்சி. டோரைஸ் வீச வேண்டும், ராக்னி ஓடிக்கொண்டே பிடிக்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, அந்த விடுமுறையில் அவருக்கு இன்னொரு லாபமும் கிடைத்தது. பானி ஸ்கைல்ஸ் என்ற பெண்ணை அங்கேதான் சந்தித்தார். அடுத்த வருடம் திருமணம்.

1913 நவம்பர் 1-ம் தேதி, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி டீமோடு மோதல். கிழக்குப் பக்கத்துப் பத்திரிகைகளுக்கு நோட்டர் டேம் எங்கே இருக்கிறது என்றே அதிகம் தெரியாது. அன்று டோரைஸ் 17 முறை வீசினார், 14 கைக்குப் போய்ச் சேர்ந்தது. 35க்கு 13 என்று நோட்டர் டேம் ஜெயித்தது. முன்வீச்சைக் கண்டுபிடித்ததே ராக்னிதான் என்று பிற்காலத்தில் கதை கட்டிவிட்டார்கள். அது சரியல்ல. 1906-லேயே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக டீம் அதை ஆடிவிட்டது. இவர்கள் செய்தது, எல்லோர் கண்ணிலும் படும்படி அதைச் செய்து காட்டியது. நம் தொழிலிலும் இது நடக்கத்தானே செய்கிறது? கண்டுபிடித்தவன் ஒருவன், பேர் வாங்குபவன் இன்னொருவன்.

கெமிஸ்ட்ரி லேபும் மைதானமும்

தம்பிகளே, கவனியுங்கள். விளையாடியவர் என்பதற்காகப் படிப்பைக் கோட்டை விட்டவர் இல்லை ராக்னி. 1914-ல் பார்மசி பட்டத்தைச் சிறப்புத் தகுதியோடு பெற்றார். பிறகு அங்கேயே கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளர். அவருடைய பேராசிரியர் யார் தெரியுமா? ஜூலியஸ் நியூலாண்ட் என்ற பாதிரியார். அசிட்டிலின் வாயுவைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சிதான் பின்னால் டூபாண்ட் கம்பெனி நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரை உருவாக்க அடிப்படையானது. கெமிக்கல் பிராஞ்ச் நண்பர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அந்த லேபிலேயே இருந்திருந்தால் ராக்னி ஒரு நல்ல கெமிஸ்ட்ரி பேராசிரியராக ரிட்டயர் ஆகியிருப்பார். ஆனால் மாலை நேரத்தில் டீமுக்கு உதவி கோச். 1918-ல் தலைமை கோச் பொறுப்பு கைக்கு வந்தது. உலக யுத்தம் ஒரு பக்கம், விஷக் காய்ச்சல் ஒரு பக்கம். அந்த சீசனில் ஆடியதே ஆறு மேட்ச்தான்: மூன்று வெற்றி, ஒரு தோல்வி, இரண்டு டிரா. அடுத்த இரண்டு வருடம், 1919-லும் 1920-லும், ஒன்பதுக்கு ஒன்பது. ஒரு தோல்வி கூட இல்லை!

அந்த டீமின் நட்சத்திரம் ஜார்ஜ் கிப். பேஸ்பால் ஆட வந்த பையன். மைதான ஓரத்தில் விளையாட்டாகப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து, வா தம்பி என்று டீமுக்கு இழுத்தவர் ராக்னி. கிப் நல்ல பிள்ளை என்று சொல்ல முடியாது. வகுப்புக்குப் போகமாட்டான், சீட்டாட்டம், பந்தயம் எல்லாம் உண்டு. ஆனால் பந்து கையில் இருந்தால் அவனுக்கு நிகர் அவன்தான். 1920 சீசன் முடியும் நேரத்தில் தொண்டையில் நோய்த்தொற்று கண்டு, நிமோனியாவாகி, டிசம்பர் 14-ம் தேதி இறந்துபோனான். வயது 25. இன்றைக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை அன்று உலகத்திலேயே கிடையாது.

பெஞ்சுக்கு மரியாதை

1924 சீசன்தான் ராக்னி பெயரை அமெரிக்கா முழுக்கப் பரப்பியது. பத்து மேட்ச், பத்திலும் வெற்றி. அக்டோபர் 18-ம் தேதி நியூயார்க்கில் ராணுவ டீமை 13க்கு 7 என்று ஜெயித்தார்கள். ஸ்டூல்ட்ரெஹர், குரோலி, மில்லர், லேடன் என்று பின்வரிசை நால்வர். ஒருவர்கூட பெரிய உடம்புக்காரர் இல்லை. கிராண்ட்லாண்ட் ராய்ஸ் என்ற விளையாட்டு எழுத்தாளர் அந்த நால்வரையும் பைபிளில் வரும் நான்கு குதிரை வீரர்களோடு ஒப்பிட்டு எழுதினார். அந்தப் பட்டம் இன்றுவரை நிலைத்துவிட்டது. நால்வரையும் குதிரைமேல் ஏற்றிப் படமும் எடுத்தார்கள். 1925 புத்தாண்டு தினத்தில் ரோஸ் பவுல் போட்டியில் ஸ்டான்ஃபோர்டை 27க்கு 10 என்று தோற்கடித்து சீசனை முடித்தார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்த நால்வர் அல்ல. ராக்னி மேட்ச்சை ஆரம்பிக்கும்போது பல நேரம் முதல் டீமை இறக்கமாட்டார். இரண்டாம் டீமைத்தான் இறக்குவார். அதாவது நம்ம பெஞ்ச்! எதிராளி புதுத் தெம்போடு மோதும் முதல் கட்டத்தை அவர்கள் தாங்க வேண்டும். எதிராளி கொஞ்சம் களைத்ததும் குதிரை வீரர்கள் உள்ளே வருவார்கள். கைதட்டல் அவர்களுக்கு, அடி இவர்களுக்கு. ஆனாலும் இரண்டாம் டீம் பையனுக்கு, நான் வேடிக்கை பார்க்க வந்தவனில்லை, எனக்கும் இந்த ஜெயிப்பில் பங்கு இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடும் அல்லவா? ஆறு கோல் வாங்கிய அன்று கடைசி ஐந்து நிமிடம் என்னை இறக்கிய நம் பி.டி. சாரை நினைத்துக்கொண்டேன். தோற்றுப்போன ஆட்டத்தில் என்னை ஏன் இறக்கினார் என்று அன்று அழுகையாக வந்தது. வெறும் சட்டையோடு இவன் வீட்டுக்குப் போகக் கூடாது என்று அவர் நினைத்திருப்பார் என்று இப்போது படுகிறது.

சறுக்கலும் உண்டு

பெரிய மனிதர் என்பதற்காகத் தப்பே செய்யாதவர் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். 1926 நவம்பர் 27-ம் தேதி பிட்ஸ்பர்க்கில் கார்னகி டெக் டீமோடு மேட்ச். அது ஓர் எஞ்சினியரிங் கல்லூரி. இதெல்லாம் ஒரு டீமா என்று நினைத்தாரோ என்னவோ, உதவியாளரிடம் டீமை ஒப்படைத்துவிட்டு, சிகாகோவில் நடந்த ராணுவ–கடற்படைக் கல்லூரிகளின் ஆட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார் ராக்னி. கார்னகி டெக் 19க்கு 0 என்று நோட்டர் டேமைக் கவிழ்த்துவிட்டது. அந்த சீசனில் அவர்களுக்கு அது ஒன்றுதான் தோல்வி. சாம்பியன் பட்டமும் அதோடு போயிற்று. எஞ்சினியரிங் மாணவர்களைக் குறைவாக எடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா!

1928 அவருக்கு மிக மோசமான சீசன். ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. 1905-க்குப் பிறகு சொந்த மைதானத்தில் தோற்றதே இல்லை என்ற பெருமையும் அந்த வருடம் போனது. தோற்கடித்தது மறுபடியும் அதே கார்னகி டெக்!

அந்த மோசமான வருடத்தில்தான் அமெரிக்கர்கள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கும் அந்தச் சம்பவமும் நடந்தது. நவம்பர் 10, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம், எதிரே தோல்வி காணாத ராணுவ டீம். ஓய்வறையில் ராக்னி பையன்களிடம், எட்டு வருடம் முன்பு இறந்த கிப்பின் கடைசி ஆசையைச் சொன்னார். டீம் திணறும் ஒரு நாளில் தனக்காக ஒரு ஆட்டம் ஜெயித்துத் தரச் சொல் என்று மரணப் படுக்கையில் கிப் கேட்டானாம். பையன்கள் வெறிகொண்டு ஆடி 12க்கு 6 என்று ஜெயித்தார்கள். கிப் நிஜமாகவே அப்படிக் கேட்டானா, ராக்னியே இட்டுக்கட்டினாரா என்று ஆராய்ச்சியாளர்கள் சண்டை போடுகிறார்கள். 1940-ல் வந்த ராக்னி திரைப்படத்தில் கிப்பாக நடித்தவர் ரொனால்ட் ரீகன். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியானவரேதான்.

இந்த விஷயத்தில் எனக்கு மனசு ஒப்பவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். இறந்தவன் பெயரில் இல்லாததைச் சொல்லி ஜெயிப்பது சரியா? ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த ஜெயிப்புக்குப் பிறகும் மிச்சம் இருந்த இரண்டு மேட்ச்சிலும் டீம் தோற்றது. பேச்சு ஒரு நாளைக்குத்தான் உதவும். மறுநாள் பயிற்சிதான் பேசும். ராக்னியை வெறும் பேச்சாளராக நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சக்கர நாற்காலியில் ஒரு சீசன்

அடுத்த வருடம் 1929. பழைய மைதானத்தை இடித்துப் புது ஸ்டேடியம் கட்டும் வேலை ஆரம்பமானது. சொந்த மண்ணில் ஒரு ஆட்டம்கூட இல்லை. எல்லாம் வெளியூர். போதாக்குறைக்கு ராக்னியின் காலில் ரத்தக்குழாய் வீக்கம். ரத்தக்கட்டி இதயத்துக்கோ மூளைக்கோ போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். சில ஆட்டங்களுக்குப் போக முடியவில்லை. கார்னகி டெக் ஆட்டத்துக்கு, வேண்டாம் என்றாலும் கேட்காமல், சக்கர நாற்காலியில் போய் இறங்கினார். 1926-ல் போகாமல் விட்டது மனதை உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 7க்கு 0, வெற்றி. அந்த சீசனில் ஒன்பதுக்கு ஒன்பது.

1930 அக்டோபரில் புது ஸ்டேடியம் திறந்தார்கள். சுமார் 54,000 பேர் உட்காரலாம். பத்துக்குப் பத்து வெற்றி. பதின்மூன்று சீசன்களில் அவர் கணக்கு: 105 வெற்றி, 12 தோல்வி, 5 டிரா.

பசை விட்ட இறக்கை

1931 மார்ச் 31. ஒரு சினிமா வேலையாக லாஸ் ஏஞ்சல்ஸ் போக வேண்டியிருந்தது. கன்சாஸ் சிட்டியிலிருந்து ஃபாக்கர் எஃப்-10 விமானத்தில் ஏறினார். அந்த ஊரில்தான் அவருடைய இரண்டு பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். கன்சாஸ் மாநிலத்தில் பஸார் என்ற சிற்றூருக்கு அருகே, குளிரும் மேகமுமான வானத்தில், விமானத்தின் ஒரு இறக்கை பிய்ந்தது. விமானி இருவர், பயணிகள் ஆறு பேர், யாரும் பிழைக்கவில்லை. ராக்னிக்கு வயது 43. மனைவியும் நான்கு குழந்தைகளும் நின்றார்கள்.

ஃபாக்கர் விமானத்தின் இறக்கை முழுக்க மரம். மரச் சட்டங்களைப் பசையால் ஒட்டி, மேலே ஒட்டுப்பலகை போர்த்தியிருப்பார்கள். வெளியே பார்த்தால் பளபளப்பாக இருக்கும். உள்ளே ஈரம் புகுந்து பசை விட்டிருந்தால் தெரியாது. தெரிய வேண்டுமானால் பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். யார் கழற்றிப் பார்ப்பார்கள்? அதுவரை விபத்து விசாரணை முடிவுகளை அமெரிக்க அரசு வெளியே விடுவதில்லை. இறந்தவர் ராக்னி என்பதால் நாடே கேள்வி கேட்டது, மறைக்க முடியவில்லை. அந்த ரக விமானங்களைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். இறக்கையின் உட்புறத்தை அடிக்கடி சோதிக்க வேண்டும் என்றார்கள். கம்பெனிகளுக்கு அது கட்டுப்படியாகவில்லை. மர இறக்கைக்கு மவுசும் போய்விட்டது. 1933-ல் போயிங் 247, டக்ளஸ் டி.சி.-1, 1935-ல் டி.சி.-3 என்று முழு உலோக விமானங்கள் வந்தன. பிறகு உலகம் முழுக்கப் பறந்த பயணி விமானங்களெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

என் மேஜைக்கு வருவது இப்போது கார்பன் நார் அடுக்குகள். அவையும் ஒட்டு வேலைதான். மேலே பளபளப்பு, உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று அல்ட்ராசானிக் கருவி வைத்துத் தேடுவதுதான் என் தினப்படி வேலை. மாலை ஆறு மணிக்கு, கடைசி ஒரு பாகம்தானே, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாமா என்று தோன்றும் நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் கன்சாஸ் புல்வெளியில் விழுந்த அந்த வழுக்கைத் தலை வாத்தியார் ஞாபகத்துக்கு வருவார். கருவியைத் திரும்ப எடுத்துவிடுவேன். நான் சரிபார்த்த பாகத்தில் பறக்கும் யாரோ ஒருவருக்கும் விடுதியில் இரண்டு பிள்ளைகள் இருக்கலாம்.

டீமில் நான் ஒன்றும் சாதிக்கவில்லை. கல்லூரி வராந்தாவில் இருக்கும் ஷீல்டுகளில் என் பேட்ச் வருடம் இல்லை. ஆனால் யாரும் பார்க்காத வேலையையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதை அந்த பெஞ்சில்தான் கற்றேன் என்றால் அது மிகையாகாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சந்திப்பு நாளன்று மாலை நாலரை மணிக்கு முன்னாள் மாணவர்களுக்கும் இந்நாள் மாணவர்களுக்கும் மைதானத்தில் ஒரு நட்பு ஆட்டம் ஏற்பாடாகியிருக்கிறது. தொப்பை உள்ளவர்கள், முட்டி வலிக்காரர்கள் எல்லோரும் வாருங்கள். முதலில் பெஞ்சில் உட்கார்ந்தவர்களை இறக்குவோம் என்று செயலாளர் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பி.டி. சாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை அவர் வாட்சை நான்தான் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.